ஹப்புத்தளை ஏறினால் போதும்

புஹாரி முதலாளியின் சாப்பாட்டுக் கடை ஹல்துமுல்லையைத் தாண்டி பெரகலைக்கு ஏறுகிற ரோட்டில், ஒரு வளைவின் ஓரத்தில் இருக்கிறது. முற்றத்தில் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றுகிற மெஷின் நிற்கிறது. முதல் தடவை இலெக்ட்ரிக் கார்கள் வந்தபோது கொழும்புக் கம்பனி ஒன்று நட்டுவிட்டுப் போனது. அப்போது ஜப்பானில் பாவித்த கார்கள் கப்பல் கப்பலாக வந்தன. இனிப் பெட்ரோலே வேண்டாம் என்று எல்லாரும் பேசினார்கள். சில வருடங்களில் பெட்டரிகள் தேய்ந்தன. மலை ஏறுகிற கார் பாதியில் நின்றது. வாங்கியவர்கள் திட்டிக்கொண்டே விற்றார்கள், பிறகு விற்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு வாகன இறக்குமதியே நின்றுபோனது. புஹாரி மெஷின்மேல் ஓர் உரச் சாக்கைப் போட்டு மூடினார். சமையல்காரர் அந்தச் சாக்கின்மேல் கைத்துணி காயப்போட்டார்.

பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்ற வருடம் இரண்டு பேர் தேடிவந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். கரண்ட் இல்லை. போய்விட்டார்கள்.

தடை எடுபட்ட பிறகு கார்கள் திரும்பவும் வந்தன. இந்தத் தடவை சீனக் கார்கள். எல்ல ஊர்ப் பக்கம் சுற்றுலா போகிற குடும்பங்கள், பதுளை டாக்டர்கள், பண்டாரவளை முதலாளிமார். கம்பனிக்காரர்கள் ஓடிவந்து சாக்கைக் கழற்றி மெஷினைத் திருத்தினார்கள். புதுக் கார்களின் வாய் வேறு மாதிரி என்பதால் இன்னொரு கேபிளும் பூட்டினார்கள். திரையில் வருகிற இங்கிலிஷைப் படித்து வேலை பார்க்கப் புஹாரிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த இந்திரஜித்தைக் கூப்பிட்டார்.

இந்திரஜித் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் எஞ்சினியரிங் படித்தான். மூன்றாம் வருடம் போகவில்லை. ஏன் என்று கேட்டால் பிடிக்கவில்லை என்பான். பிறகு பியகமவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தான். அதையும் விட்டான். அப்பா இல்லை. அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் தங்கி அவர்களுடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். லயத்து அறையில் அவன் மட்டும்தான். பின்னேரம் கடைக்கு வந்தால் விடியத்தான் போவான். பகலில் தூங்குவான். பகலில் தூங்குகிறவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அது வசதியாக இருந்தது.

வேலை சுலபம். கேபிளைச் செருக வேண்டும், கழற்ற வேண்டும், பயந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பலாங்கொடை வரை ஒழுங்காக வந்த கார், அங்கிருந்து ஏறத் தொடங்கியதும் சார்ஜை உறிஞ்சிவிடும். கொழும்புக்காரர்கள் முகம் வெளுத்து வந்து இறங்குவார்கள்.

"தம்பி, கண்ணுக்கு முன்னாலயே எறங்குது! பெட்டரி பழுதா?"

"ஏத்தம் சார்."

"பதுளைக்குப் போய்ச் சேருமா?"

போய்ச் சேரும். இங்கிருந்து பெரகலை, பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, அவ்வளவுதான் ஏற்றம். ஹப்புத்தளைக்கு அப்பால் பண்டாரவளை, ஹாலிஎல, பதுளை எல்லாம் பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் இந்தக் கார் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கிறபோது பெட்டரி ஏறும். ஆகவே ஹப்புத்தளை ஏறுவதற்கு மட்டும் இங்கே பத்து நிமிஷம் போட்டால் போதும். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவனுக்கு இது மண்டையில் ஏறுவதில்லை. அவனுக்கு இறக்கம் என்றால் பிரேக் மிதிக்கிற இடம், வேறொன்றும் இல்லை.

முதல் வாரம் இந்திரஜித் கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னான். புஹாரி அவனைக் குசினிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"டேய் தம்பி, நீ யாருக்கு வேல செய்ற? கம்பனிக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தான் மொதலாளி."

"அப்ப ஏன்டா எல்லாரையும் பத்து நிமிஷத்துல எழுப்பி அனுப்புற? சனம் உக்காந்தாத்தானே ரொட்டி போகும்? கொத்து ரொட்டிக்கு ஓடர் குடுத்த குடும்பத்தையே எழுப்பி விட்டுட்டியே, பாவி!"

"கேட்டாங்க. சொன்னேன்."

"கேட்டா, ஏத்தம் சார்னு சொல்லு. அதோட நிப்பாட்டு. அதுவும் உண்மைதானே?"

அதிலிருந்து அவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

கம்சலா வந்தது அதற்குப் பிறகுதான்.

அவள் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை பதுளைக்கு வருவாள். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், பதுளை பஜாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் கலியாணம் முடித்தவள். அந்த முதல் காலத்தில் மாமனார் ஆசைப்பட்டு வாங்கி, பிறகு கடைக் குடோனில் போட்டுவைத்த நீல நிறக் காரைத்தான் ஓட்டினாள். அதன் பெட்டரி பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. இரத்தினபுரியில் ஒரு தடவை, பலாங்கொடையில் ஒரு தடவை, இங்கே ஒரு தடவை என்று நின்று நின்றுதான் வரும். மெஷினில் பழைய கேபிள் அந்தக் காருக்கு மட்டும்தான் பொருந்தியது. வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

திங்கட்கிழமை விடியக் கொழும்புக்கு இறங்கும்போது அவள் நிற்க மாட்டாள். இறங்குகிற காருக்கு இங்கே என்ன வேலை? அவன் அவளை ஏறிவரும்போது மட்டும்தான் பார்த்தான்.

முதல் நாள் அவள் கேட்டாள், "எவ்வளவு நேரம் போடணும் தம்பி?"

"நாப்பது நிமிஷம் மிஸ்."

அன்று புஹாரி கடையில் இல்லை. அப்படிச் சொல்லச்சொல்லி யாரும் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வாய் தானாகவே சொன்னது.

அவள் கடையின் பின்பக்கம், பள்ளத்தைப் பார்த்தமாதிரி இருக்கிற கடைசி மேசைக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். இன்னொரு நாற்காலியை இழுத்து அதில் கால்களைப் போட்டாள். பிளேன்டீ கேட்டாள். அதன்பிறகு ஒன்றும் செய்யவில்லை. போனை எடுத்துப் பார்க்கவில்லை. கீழே தூரத்தில் சமவெளியில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது. அதைக்கூட அவள் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. முகம் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

அவன் மேசை துடைக்கிற சாக்கில் போனான்.

"மிஸ், ரொட்டி ஏதும்?"

"வேணாம். வீட்டுல சாப்பிடணும். சாப்பிடாமப் போனாத்தான் சந்தோஷப்படுவாங்க." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள், "இங்க என்ன விசேஷம்? யாரெல்லாம் வாறாங்க?"

அவன் யோசித்தான். "காலையில ஒருத்தர் பெட்ரோல் மூடியத் தேடினாராம். காரைச் சுத்திச் சுத்தி வந்தாராம்."

"வாங்கினவரா?"

"வாங்கினவரோட மச்சான். வாங்கினவர் உள்ள இருந்து யூடியூப் பாத்துக்கிட்டிருந்தாராம், எங்க செருகுறதுன்னு."

அவளுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. டீ கொஞ்சம் சிந்தியது. அவன் துடைத்தான். துடைக்கிற வேலை உண்மையாகவே கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் அந்த மாதிரிக் கதைகளைச் சேர்த்துவைக்கத் தொடங்கினான். சார்ஜ் ஏறும்போது கார் ஷொக் அடிக்கும் என்று பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திய தகப்பன். கோயிலில் புதுக் கார் பூசைக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்கவில்லையே என்று ஐயர் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது காரை நகர்த்திய பண்டாரவளை முதலாளி. ஐயர் குதித்துத் தப்பினார். இவற்றை அவன் வேறு யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் அவன் பேசியதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதி "ஏத்தம் சார்" என்பதாகத்தான் இருக்கும்.

அவள் அவனைத் தம்பி என்றாள். அவளைவிட அவன் மூத்தவன். திருத்தவில்லை.

ஒரு தடவை அவள் கேட்டாள், "நீங்க எஞ்சினியரிங் படிச்சீங்களாமே. மொதலாளி சொன்னார். ஏன் விட்டீங்க?"

"பிடிக்கல."

"நல்ல காரணம்."

அவ்வளவுதான் சொன்னாள். ஐயோ என்று சொல்லவில்லை, திரும்பப் போகலாமே என்று சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லை அவன் லயத்து அறையில் படுத்துக்கொண்டு பல பகல்கள் யோசித்தான்.

புஹாரிக்குக் கண் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் கடைக்குள் வந்தால், ரொட்டி போடுகிறவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார், "பாரு, இண்டைக்கு மூஞ்சி வழிச்சிட்டு வந்தீக்கிறான். வெள்ளிக்கிழம எங்களுக்குத்தான் ஜும்மா, இவனுக்கு என்னடா?"

"பிளேட்டுல முடி விழக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க மொதலாளி."

"நீ பிளேட்டையா தூக்குற? வயரத்தானேடா தூக்குற!"

அவன் வயரைத் தூக்கிக்கொண்டு போவான். பத்து நிமிஷம் போதும் என்பதைக் கம்சலாவிடம் அவன் சொல்லவே இல்லை. அவளுக்குச் சொந்தமான அரை மணித்தியாலத்தை ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கொள்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவளோடு பேசுவது அதில் கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் அவள் அங்கே இருக்கிறாள் என்பது போதுமாக இருந்தது. முற்றத்தில் நின்றபடி திரையைப் பார்ப்பான். எண் மெல்ல ஏறும். அது மெல்ல ஏறுவதுதான் நல்லது.

தைப்பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது காரிலிருந்து இறங்க நேரமெடுத்தாள். மேசைக்குப் போனதும் அவனைத் தானாகவே கூப்பிட்டாள்.

"தம்பி, வீட்டுல புதுக் கார் எடுக்கப் போறாங்க. எனக்கு. இந்தச் சனியன் ரோட்டுல நின்னுருமாம்."

"நல்லதுதானே மிஸ்."

"அதுல ரெண்டு இருக்கு. சின்ன பெட்டரி ஒண்ணு, பெரிய பெட்டரி ஒண்ணு. சின்னதுன்னா இங்க நிக்க வேண்டி வருமா?"

அவன் கணக்குப் போட்டான். "இரத்தினபுரி, பலாங்கொடை தேவையில்ல. இங்க ஒருக்கா நிக்க வேண்டித்தான் வரும்."

"பெரிசு?"

"கொழும்புல இருந்து நேரா உங்க வீட்டு வாசல்."

அவள் டீயைக் குடித்தாள். "அவர் பெரிசுதான் வேணும்கிறார். நான் சின்னது போதும்னு சொல்லிக்கிட்டிருக்கேன். யாரும் கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க. படிச்சவர் சொன்னா கேப்பார்."

சரி என்றான். அன்று அவள் போனபிறகு கேபிளைச் சுருட்டி மாட்டினான். இங்கே நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். அதற்கு அவன் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டான். வேறு எந்த அர்த்தம் இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பதுளைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் இறங்கிவந்து முற்றத்தில் நின்றது. விற்கிற இடத்திலிருந்து ஓட்டிப் பார்க்கக் கொடுத்த கார். ஓட்டிவந்தவர் கம்சலாவின் கணவர் கிருஷ்ணராஜ். வெள்ளைச் சேர்ட், நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பாதி அழிந்து இருந்தது. மெதுவாகப் பேசுகிற ஆள். கம்சலா பின்னால் வந்தாள். சேலை கட்டியிருந்தாள். சேலையில் அவன் அவளைப் பார்த்ததில்லை.

"நீங்கதானே இந்திரஜித்? கம்சலா சொல்லியிருக்காங்க. வாங்க, இப்படி உக்காருங்க."

அந்தக் கடையில் கஸ்டமர் மேசையில் அவனை உட்காரச் சொன்ன முதல் ஆள் கிருஷ்ணராஜ். புஹாரி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். இந்திரஜித் உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைத்தான்.

"எனக்கு இரும்பு, ஆணி, பெயின்ட் தெரியும். இது தெரியாது. விக்கிறவன் விக்கிறதுக்குத்தான் பேசுவான். நீங்க படிச்சவர், தினமும் பாக்கிறவர். சொல்லுங்க, எதை எடுக்கலாம்?"

இப்படி யாரும் அவனிடம் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. கம்சலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னது போதும் சார்," என்றான். பயிற்சி எடுத்த மாதிரி வந்தது. "பெரிய பெட்டரி பாரம். அந்தப் பாரத்தையும் சேத்துத்தான் மலையில தூக்கணும். வருஷம் போனா மாத்தவும் கஷ்டம். நீங்க போறது கிழமைக்கு ஒருக்காகூட இல்ல."

"அதுதான் இவங்களும் சொல்றாங்க." கிருஷ்ணராஜ் தலையாட்டினார். "ஆனா எனக்கு ஒரு விஷயம்தான் பிரச்சினை. இப்ப மாதிரி இங்க வந்து நாப்பது நிமிஷம் உக்காரணும். இருட்டுற நேரம். மழை, பனி. அம்மா அங்க வாசல்ல நிக்கிறா. பொம்பளப் பிள்ள தனியா இங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

அந்த இடத்தில் இந்திரஜித் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். அவன் வாதத்தில் வெல்லப் பார்த்தான். சின்னக் கார் வர வேண்டும், கார் இங்கே நிற்க வேண்டும், அது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது.

"நாப்பது நிமிஷம் எதுக்கு சார்? பத்து நிமிஷம் போதும். இங்கருந்து ஹப்புத்தளை ஏறினாப் போதும், அங்கருந்து பதுளை வரைக்கும் எறக்கம். எறக்கத்துல பெட்டரி தானா ஏறும். பத்து நிமிஷம், ஒரு டீ, எழும்பிப் போயிறலாம்."

சொல்லி முடித்தபோது நன்றாகச் சொல்லிவிட்டோம் என்றுதான் நினைத்தான்.

கிருஷ்ணராஜ் மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கடைக்காரர். அளந்து பார்க்கப் பழகியவர்.

"அது புதுக் காருக்கு மட்டுமா?" என்று கேட்டார். "பழைய காருக்கும் அப்படித்தானா?"

இந்திரஜித்துக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறந்தான். ஏத்தம் சார் என்று சொல்ல முடியவில்லை.

"எல்லாக் காருக்கும் அப்படித்தான்."

கிருஷ்ணராஜ் மனைவியைப் பார்த்தார். கோபமாக இல்லை. கணக்கில் ஏதோ ஒரு சாமான் குறைகிறபோது அலுமாரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். கம்சலா கிளாஸின் அடியில் தேங்கிய சீனியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சரி," என்றார் கிருஷ்ணராஜ். எழுந்தார். "பெரிசையே எடுத்துருவோம். பின்னால யோசிக்கத் தேவையில்ல." இந்திரஜித்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களுக்கு ரொம்ப நன்றி. விக்கிறவன்கூட இவ்வளவு தெளிவாச் சொல்லல."

வெள்ளைக் கார் போய்விட்டது. புஹாரி மேசைக்கு வந்து மூன்று கிளாஸையும் விரலில் கோத்து எடுத்தார்.

"என்னடா சொன்ன? அந்தப் பிள்ள மொகம் ஏன் அப்படி இருந்திச்சி?"

"உண்மையச் சொன்னேன் மொதலாளி."

"எவன்டா உன்னக் கேட்டான்?"

"அவர்தான் கேட்டார்."

அதற்குப் பிறகு நீலக் கார் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளைக் கார் வளைவில் வந்தது. அதே நிறத்தில் பத்துக் கார் ஓடுகிறது. அவள்தானா என்று நிச்சயமில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கண்ணாடிக்குள் அவளுடைய தலையைக் கண்டான். கார் வேகம் குறையவில்லை. எஞ்சின் சத்தம் இல்லாததால், வருவதைக் காதால் முன்கூட்டியே அறிய வழியில்லை. டயர் தார் ரோட்டில் உரசுகிற சத்தம் மட்டும் வரும், திரும்பிப் பார்க்கும்போது போயிருக்கும். அதனால் அந்த வெள்ளிக்கிழமைகளில் அவன் ரோட்டைப் பார்த்தபடியே நிற்கப் பழகினான். கேபிளைத் தவறான காருக்குக் கொண்டுபோய்த் திட்டு வாங்கினான்.

கடைக்கு என்னவோ கூட்டம் கூடிக்கொண்டு போனது. இப்போது கார்கள் வரிசையில் நின்றன. வருகிறவர்கள் முன்போலப் பயப்படவும் இல்லை. போனிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு போட வேண்டும், வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகும். பலர் காரைவிட்டு இறங்குவதே இல்லை. சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு படம் பார்த்தார்கள். மேசைகள் காலியாக இருந்தன. யாரும் அவனிடம் எதையும் கேட்கவில்லை. புஹாரி தண்ணீர்ப் போத்தலையும் பிஸ்கட்டையும் ஒரு கூடையில் போட்டுக் கார் கண்ணாடியில் தட்டி விற்கச் சொன்னார்.

"வெள்ளிக்கிழம ஆளைக் காணோமேடா," என்றார் ஒருநாள்.

"புதுக் கார் மொதலாளி. நிக்கத் தேவையில்ல."

புஹாரி அவனை ஒரு தடவை பார்த்தார். கேலி பண்ணவில்லை. ஒரு ரொட்டியையும் கட்டச் சம்பலையும் பிளேட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். கேலி பண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்திரை மழை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே வெள்ளைக் கார் முற்றத்துக்குள் திரும்பியது. மெஷின் பக்கம் வரவில்லை. ஓரத்தில், மரத்தடியில் நின்றது. அவன் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போனான். கண்ணாடி பாதி இறங்கியது.

"சார்ஜ் போடணுமா மிஸ்?"

"இல்ல. பாதிக்கு மேல இருக்கு."

அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கைகள் இருந்தன. மழை அவன் தோளில் விழுந்தது. அவன் நகரவில்லை.

"நான் வேணும்னு சொல்லல மிஸ்," என்றான். "சின்னதே எடுக்கட்டும்னுதான் சொன்னேன்."

"தெரியும். நானும் பக்கத்துலதானே இருந்தேன்."

"வீட்டுல ஏதும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. அவர் அப்படிச் சொல்ற ஆள் இல்ல. பத்து நிமிஷம் போதும்னா மீதி நேரம் என்ன செஞ்சேன்னு கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கேக்கல. இப்ப போன்ல காட்டுது, கார் எங்க நிக்குது, எவ்வளவு இருக்கு, எல்லாம். அத்தைக்குக்கூட அதப் பாக்கப் பழக்கியிருக்கார். ஹாலிஎல தாண்டினதும் சோறு போட்டுருவாங்க. எல்லாரும் சாப்பிடாமக் காத்துக்கிட்டிருப்பாங்க. பதினொரு பேர்." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "நல்ல சனம். ஒருத்தரையும் குத்தம் சொல்ல முடியாது."

அவன் கேட்க வேண்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்ததைக் கேட்டான். "பத்து நிமிஷம் போதும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"முதல் மாசமே தெரியும். கார் ஓட்டுறது நான்தானே? ஹப்புத்தளையில இருக்கிறதவிட வீட்டு வாசல்ல சார்ஜ் கூடுதலா இருக்கு. அதுகூடப் பாக்க மாட்டேனா?"

"அப்ப..."

அவன் முடிக்கவில்லை. இப்போது அவள் சொல்லப்போவதற்காகத்தான் இந்த ஒரு வருடமும் நடந்தது போல இருந்தது.

"கொழும்புல போர்டிங்கில ஒரு ரூமுக்கு நாலு பேர்," என்றாள். "கார்ல கூட வேலை செய்ற ரெண்டு பிள்ளைகள் என்னோட வருவாங்க, பலாங்கொடை வரைக்கும் பேசிக்கிட்டே. வீட்டுல பதினொரு பேர், மூடுற கதவு ஒண்ணுகூட இல்ல. இங்க மட்டும்தான் ஒருத்தரும் இல்லாம உக்காந்திருந்தேன். அதுக்குத்தான்."

மழைச் சத்தம் கொஞ்சம் கூடியது.

"நான் இருந்தேனே," என்றான்.

அவள் அவனை நேராகப் பார்த்தாள். அவனுக்கு என்ன பதில் கொடுப்பது என்று யோசித்ததும் தெரிந்தது. பிறகு தன்மையாகத்தான் சொன்னாள்.

"நீங்க தொந்தரவே இல்ல தம்பி. கொஞ்சமாத்தான் பேசுவீங்க."

காரின் பெரிய திரையில் வெளிச்சம் வந்தது. மணி அடித்தது. வீடு என்று எழுத்து ஓடியது. அவள் விரலால் தொட்டாள். ஒரு கிழவியின் குரல் கார் முழுக்கக் கேட்டது. "எங்கம்மா நின்னுட்ட? ஒரே இடத்துல காட்டுதே."

"கண்ணாடி தொடைச்சேன் அத்தை. மழை. இதோ வந்துட்டேன்."

கண்ணாடி ஏறியது. ஏறும்போது அவள் ஏதோ சொன்னாள். போயிட்டு வாறேன் என்பதாக இருக்கலாம். கார் பின்னால் வந்து திரும்பி ரோட்டில் ஏறியது. அந்த வளைவுக்குப் பிறகு பெரகலை வரை ரோடு தேயிலைக்கு நடுவில் மூன்று தட்டாகத் தெரியும். அவன் மூன்று தட்டிலும் பார்த்தான். மூன்றாவது தட்டில் இரண்டு வெள்ளைக் கார்கள் போயின. எது அவளுடையது என்று தெரியவில்லை.

"தம்பி! ஹலோ!"

மெஷின் பக்கம் ஒருவர் கேபிளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார் ஹார்ன் அடித்தது. இந்திரஜித் போனான்.

"கழரமாட்டேங்குதே. ஒடைஞ்சிருச்சா?"

"காரைத் திறங்க சார். பூட்டியிருந்தாக் கழராது."

அவர் சாவியை அமுக்கினார். உள்ளே டக்கென்று விட்டது. இந்திரஜித் கேபிளை உருவி எடுத்து, அதன் தலையில் இருந்த தண்ணீரை உதறி, அடுத்த காரின் வாயில் செருகினான். அந்தக் காருக்குள் இருந்தவர் கண்ணாடியை இறக்கவில்லை. போனைப் பார்த்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.